கடல் நம் தலைவாசல்

துருக்கி நாட்டின் ஏஜியன் கடற்கரையில் போத்ரும் என்றொரு நகரம் இருக்கின்றது. கோடைக்காலம் வந்துவிட்டால் ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் குடும்பம் குடும்பமாக அங்கே சென்று தங்குகின்றனர். காலையில் கடலாடுகின்றனர். வெயில் ஏறியதும், துறைமுகத்தை ஒட்டி நிற்கும் பழங்கோட்டைக்குள் நுழைகின்றனர். பதினைந்தாம் நூற்றாண்டில் சிலுவைப்போர் வீரர் மரபினர் எழுப்பி, பின்னர் சுல்தான் சுலைமான் காலத்தில் உதுமானியர் கைக்கு வந்த கோட்டை அது. இப்பொழுது அது கடலடியில் கிடைத்த தொல்பொருள்களின் காட்சியகம். மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர் மூழ்கிப்போன வணிகக் கலம் ஒன்றின் செப்புப் பாளங்களையும் கண்ணாடிக் கட்டிகளையும் அங்கே காணலாம். வந்தவர்கள் ஒரே பகலில் கடலையும் காண்கின்றனர். கடல் உண்டாக்கிய வரலாற்றையும் காண்கின்றனர்.

நம் குமரி மாவட்டத்துக்கு வருவோரின் பயணத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடியற்காலையில் கன்னியாகுமரியில் கதிரவன் எழுவதைப் பார்க்கின்றனர். படகேறிப் பாறைக்குச் சென்று திரும்புகின்றனர். சங்கு மாலையும் வண்ண மணலும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகின்றனர். ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இக்கரையின் எஞ்சிய பகுதி அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. வெளியூராரை விட்டுவிடுவோம், உள்ளூரில் பிறந்த நம் பிள்ளைகளுக்கேனும் இக்கரை தெரியுமா? குளச்சலில் என்ன நடந்தது, திருவிதாங்கோட்டுக்கு ஏன் அப்பெயர் வந்தது, தக்கலையில் அடங்கியிருப்பவர் யார் என்று கேட்டால் எத்தனை பேர் விடை சொல்வார்கள்?

இக்கட்டுரை அப்பிள்ளைகளுக்காகவும் அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் எழுதப்படுகின்றது. இராஜாக்கமங்கலத்தை நடுவாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு பகலிலும் சென்று மீளக்கூடிய மூன்று பயணங்களை இங்கே சொல்லப் புகுகின்றோம். மூன்றும் உணர்த்துவது ஒன்றே. கடல் நம் முன்னோர்க்குக் கொல்லைப்புறமாக இருந்ததில்லை, தலைவாசலாக இருந்தது.

துறையும் பட்டினமும்

நாகர்கோவிலிலிருந்து தென்மேற்காகச் செல்லும் சாலை தென்னந்தோப்புகளைக் கடந்து இராஜாக்கமங்கலத்தை அடைகின்றது. அங்கிருந்து இன்னும் சிறிது தொலைவு சென்றால் இராஜாக்கமங்கலம் துறை. 'மங்கலம்' என முடிவன பெரும்பாலும் அரசர்கள் நிலக்கொடையாக வழங்கிய ஊர்கள். 'துறை' என்பதோ மக்கள் நீரில் இறங்கவும் கலம் ஏறவும் உரிய இடம். நிலத்தைப் பார்த்து ஒரு பெயர், நீரைப் பார்த்து ஒரு பெயர். இரண்டும் அருகருகே நிற்கின்றன.

இப்பெயர்களை இக்கரை முழுவதும் தொடர்ந்து கேட்கலாம். கிழக்கே சங்குத்துறை, புத்தன்துறை, மேற்கே கடியபட்டினம், அதற்கும் மேற்கே தேங்காய்ப்பட்டினம். பட்டினம் என்பது கடற்கரை நகருக்குத் தமிழர் இட்ட பழம்பெயர். கொல்லைப்புறத்துக்கு யாரும் இத்தனை பெயர் சூட்டிப் பாராட்டுவதில்லை.

இன்னொரு பெயரையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். நாட்டுப்புறத்தில் முஸ்லிம்களைத் 'துலுக்கர்' என்று அழைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. துருக்கர் என்னும் சொல்லின் திரிபு அது. ஆனால் வடபுலத்தில் படையோடு வந்த துருக்கியருக்கும் குமரிக்கரை முஸ்லிம்களின் தோற்றத்துக்கும் தொடர்பில்லை. இங்கே இஸ்லாம் கணவாய் கடந்து குதிரையேறி வரவில்லை. பாய்மரம் விரித்துக் கடல் வழியே வந்தது. 'சோனகர்' என்ற பழைய பெயர் அவ்வுண்மைக்கு இன்னும் அணுக்கமானது. கடல் கடந்து வந்த யவனரைச் சுட்டிய சொல்லே பிற்காலத்தில் அரபியரைச் சுட்டும் சோனகர் என்றாயிற்று.

இதற்குச் சான்று வெறும் செவிவழிச் செய்தி அன்று. 849ஆம் ஆண்டில் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேடுகள் கிடைத்துள்ளன. அவற்றில் சாட்சியிட்டோர் சிலர் கூபி எழுத்தில் அரபு மொழியிலும், சிலர் பாரசீகத்தின் பகலவி மொழியிலும், சிலர் எபிரேய எழுத்திலும் கையொப்பம் இட்டிருக்கின்றனர். ஒரு கிறித்தவப் பள்ளிக்கு இந்து மன்னர் அளித்த கொடைக்கு முஸ்லிம்களும் யூதர்களும் சாட்சி! இந்த வேணாட்டின் ஆட்சிக்குப் பிற்காலத்தில் தலைநகரான ஊர்களில் ஒன்றே திருவிதாங்கோடு.

கிழக்கே ஒரு பகல்

முதற் பயணத்தைக் கிழக்கு நோக்கித் தொடங்கலாம். சங்குத்துறையும் சொத்தவிளையும் அகன்ற மணற்பரப்பு உடைய கரைகள். காலை வேளையில் பிள்ளைகள் ஓடியாட ஏற்றவை. அவற்றைக் கடந்து சென்றால் மணக்குடி. நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நீர் தந்து வரும் பழையாறு இங்கேதான் கடலோடு கலக்கின்றது. காயலும், அலையாத்தி மரங்களும், உப்பளங்களும், பருவந்தோறும் வந்து தங்கும் நீர்ப்பறவைகளும் ஒருசேரக் காட்சி தருகின்றன. சுசீந்திரம், தேரூர் குளங்களோடு சேர்த்து இப்பகுதி 2015இல் பறவைகளுக்கான பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

மணக்குடியின் இருகரைகளையும் இணைக்கும் பாலத்தில் சற்று நிற்க வேண்டும். முன்பு இருந்த பாலத்தை 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பெயர்த்து எறிந்தது. இப்பொழுது நாம் நிற்பது அதற்குப் பின் கட்டப்பட்ட பாலம். அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறித்துமசுக்கு மறுநாள். மணக்குடியிலும் கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். அந்நாளைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் இக்கரையைக் காட்டுவது பாதி உண்மையைக் காட்டுவதாகும்.

பழையாற்றின் வழியே உள்நோக்கிச் சென்றால் கோட்டாறு. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்னும் அறிஞர் தம் நிலநூலில் 'கோட்டியாரா' என ஒரு தலைநகரைக் குறிக்கின்றார். அது இந்தக் கோட்டாறே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. நெல்லும் துணியும் கைமாறிய இச்சந்தை நகரில் பல சமயத்தாரும் கூடி வாழ்ந்தனர். பதினாறாம் நூற்றாண்டில் சவேரியார் இங்கே தங்கி மறைப்பணி ஆற்றினார்; அவர் பெயரால் விளங்கும் பேராலயம் உள்ளது. தம் பெயரோடு ஊர்ப்பெயரையும் சேர்த்து 'கோட்டாற்று ஞானியார் சாகிபு' என்றே வழங்கப்பெறும் ஞானக்கவிஞரும் இம்மண்ணுக்கு உரியவர்.

கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் 1874இல் பிறந்தவர் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். 1907 மார்ச்சு 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர் பலர் முன்னிலையில், ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கவனம் செலுத்தும் சதாவதானத்தை நிகழ்த்திக் காட்டியவர் அவர். சீறாப்புராணத்துக்கு உரை கண்டவரும் அவரே. 1950இல் அவர் மறைந்தார். 2008இல் நடுவண் அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. வணிகப் பொருள்கள் வந்திறங்கிய நாட்டில் தமிழும் இப்படித் தழைத்தது.

மாலையில் குமரிமுனைக்குச் செல்லலாம். முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த பயணக் குறிப்பு குமரியில் ஒரு துறை உண்டென்றும், நோன்பு பூண்ட ஆடவரும் மகளிரும் அங்கே வந்து நீராடித் தங்குவர் என்றும் கூறுகின்றது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக மக்கள் இம்முனையைத் தேடி வந்துகொண்டிருக்கின்றனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நேரம் இருந்தால், முனைக்கு வடகிழக்கே உள்ள வட்டக்கோட்டையின் கருங்கல் மதில்மேல் நின்று கடற்காற்று வாங்கலாம். அக்கோட்டையை வலுப்படுத்தியவரை இரண்டாம் நாள் குளச்சலில் சந்திக்கப் போகின்றோம்.

மேற்கே ஒரு பகல்

இராஜாக்கமங்கலத்திலிருந்து மேற்கே திரும்பினால் கணபதிபுரத்துக் கடற்கரை. அதனை அண்மைக் காலத்தில் 'லெமூர் கடற்கரை' என்று அழைக்கின்றனர். அங்கே நடந்த ஒரு துயரத்தை இறுதியில் சொல்வோம். அதைக் கடந்து சென்றால் முட்டம். செந்நிற மேடும், கடலுக்குள் நீண்ட பாறைகளும், கலங்கரை விளக்கமும் சேர்ந்த அழகிய முனை அது. 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' திரைப்படம் இங்கே எடுக்கப்பட்டபின் தமிழ்நாடு முழுவதும் முட்டத்தின் பெயரை அறிந்தது. முட்டத்தை அடுத்து, வள்ளியாறு கடலைச் சேரும் கடியபட்டினம்.

மணவாளக்குறிச்சியில் ஒரு பிடி மணலை அள்ளிப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கருமையும் செம்மையும் கலந்து மின்னும். இம்மணலின் அருமையை உலகுக்கு அறிவித்தது ஒரு கயிற்றுக் கட்டு என்றால் வியப்பாக இருக்கும். திருவிதாங்கூரிலிருந்து செருமனிக்குச் சென்ற தென்னங்கயிற்றில் ஒட்டிக்கிடந்த மணலை 1909இல் சோம்பர்க்கு என்னும் செருமானிய வேதியியலார் ஆராய்ந்தார். அதில் மோனசைட்டு என்னும் கனிமம் இருப்பதைக் கண்டார். அந்நாளில் காஸ் விளக்கின் மேண்டில் வலைக்குத் தோரியம் இன்றியமையாதது. அந்தத் தோரியம் மோனசைட்டில் இருந்தது. அவர் மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை நிறுவினார். விடுதலைக்குப் பின், 1950இல் தொடங்கப்பெற்ற இந்திய அருமணல் நிறுவனம் இத்தொழிலை மேற்கொண்டது. மணல் எடுப்பதால் கரை குறைகின்றது என்று கடலோர மக்கள் கவலை கொள்கின்றனர். வேலைவாய்ப்புக் கருதி ஆதரிப்போரும் உண்டு. நாம் காலால் மிதித்து நடக்கும் மணல், உலக நாடுகள் தேடி வந்த பொருள் என்பதைப் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

அடுத்தது மண்டைக்காடு. மாசித் திருவிழாவின்போது பல்லாயிரவர் இங்கே வந்து கடலாடுவர். 1982 மார்ச்சில் அவ்விழாக் காலத்தில் மூண்ட பூசல் இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே பெருங்கலவரமாகி உயிர்களைக் குடித்தது. குன்றக்குடி அடிகளார் அங்கே வந்து இரு சாராரிடமும் அமைதிக்காகப் பாடுபட்டார். கடற்கரை எவருக்கும் தனிச்சொத்து அன்று என்ற பாடத்தை இம்மாவட்டம் பெருவிலை கொடுத்துக் கற்றது. தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் சாட்சிகளை நினைத்துக்கொண்டு இவ்விடத்தைக் கடப்பது நல்லது.

இப்பகலின் இறுதி குளச்சல். இன்று மீன்பிடி விசைப்படகுகள் நிற்கும் இத்துறையில் 1741 ஆகஸ்டு 10 அன்று, மிளகு வணிகத்தைத் தம் கைக்குள் வைத்துக்கொள்ள விரும்பிய ஒல்லாந்துக் கும்பினியின் படை வேணாட்டு மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது. ஐரோப்பியரின் கடற்பேரரசு ஒன்று ஆசிய மன்னர் ஒருவரிடம் அடைந்த பெருந்தோல்விகளில் இது குறிப்பிடத்தக்கது. வெற்றித்தூண் ஒன்று குளச்சலில் நிற்கின்றது.

சிறைப்பட்டவர்களுள் ஒருவர் டிலனாய். மன்னர் அவரைக் கொல்லவில்லை. தம் படைக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பைத் தந்தார். 1777இல் இறக்கும்வரை 35 ஆண்டுகளுக்கு மேல் அவர் இந்நாட்டுக்கு உழைத்தார். வட்டக்கோட்டை அவர் மேற்பார்வையில் உறுதி பெற்றது. பகைவனாய்க் கடல்வழி வந்தவன் காவலனாய் மாறிய கதை இது.

வடமேற்கே ஒரு பகல்

மூன்றாம் நாள் கரையைவிட்டுச் சற்று உள்ளே செல்வோம். திருவிதாங்கூர் என்ற பெரிய அரசுக்குப் பெயர் தந்த திருவிதாங்கோடு இப்பொழுது அமைதியான சிற்றூர். மாலிக் இப்னு தீனார் குழுவினரோடு தொடர்புடையதாக இவ்வூர் முஸ்லிம்கள் தம் பள்ளிவாசலின் பழமையைப் போற்றுகின்றனர். புனித தோமையார் எழுப்பியதாகக் கிறித்தவர்கள் போற்றும் பழைய ஆலயமும் இதே ஊரில் உள்ளது. பதினாறாம் நூற்றாண்டில் ஷைகு சைனுத்தீன் மக்தூம் அரபியில் எழுதிய 'துஹ்பத்துல் முஜாஹிதீன்', மாலிக் இப்னு தீனார் குழுவினர் பள்ளிவாசல் அமைத்த ஊர்களைச் சொல்லும்போது தெற்கே கொல்லத்தோடு நிறுத்திவிடுகின்றது. அதற்கும் தெற்கே உள்ளவை மரபுச் செய்திகள். மரபை வரலாறு என்று சாதிக்க வேண்டியதில்லை. ஆயினும், இரு சமயத்தாரும் தம் தொன்மையைக் கடல்வழி வந்தோரோடு சேர்த்துச் சொல்வது தற்செயல் அன்று.

அருகே தக்கலை. பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்ஞ்ஞானக் கவிஞர் பீர்முகம்மது அப்பா இங்கே அடங்கியிருக்கின்றார். நெசவுத் தொழிலை மேற்கொண்டு வாழ்ந்தவர் என்று மரபு கூறும். அவர் இயற்றிய 'ஞானப்புகழ்ச்சி' ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் அவருடைய நினைவு நாளில் இரவு முழுவதும் ஓதப்படுகின்றது. எழுத்தறியாத முதியவர்கூட வரி பிசகாமல் உடன் ஓதுவதைக் கேட்டோர், ஓர் இலக்கியம் ஏட்டில் மட்டும் வாழ்வதில்லை என்பதை உணர்வர்.

தக்கலைக்கு அண்மையிலேயே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கின்றது. 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை வேணாட்டு மன்னர்கள் இங்கிருந்து ஆண்டனர். 1956 நவம்பர் 1இல் இப்பகுதி தமிழ்நாட்டோடு இணைந்த பின்னும், அரண்மனையைக் கேரள அரசே பேணி வருகின்றது. மரவேலைப்பாட்டின் நுட்பத்தைக் காண விரும்புவோர் திங்கட்கிழமையைத் தவிர்த்துச் செல்ல வேண்டும், அன்று விடுமுறை. சற்றே தள்ளி உதயகிரிக் கோட்டை. அங்கே பாழடைந்த தேவாலயத்துக்குள் டிலனாயின் கல்லறை உள்ளது. அதன்மேல் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒல்லாந்துப் படையில் வந்தவரின் கல்லறையில் தமிழ் எழுத்தைக் காண்பதற்காகவேனும் அங்கே செல்லலாம்.

பொழுது மிஞ்சினால் மேற்கே தேங்காய்ப்பட்டினத்துக்குச் சென்று பகலை நிறைவு செய்யலாம். குழித்துறையாறு கடலில் கலக்குமிடம் அது. அரபு வணிகர் காலத்ததாக ஊரார் கூறும் கருங்கல் பள்ளிவாசல் இங்குண்டு. இவ்வூரில் 1944இல் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான், 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' என்னும் புதினத்தால் இக்கரை முஸ்லிம்களின் வாழ்வை, அதன் இருளையும் மறைக்காமல், தமிழுலகுக்குக் காட்டினார். 'சாய்வு நாற்காலி' புதினத்துக்காக 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற அவர் 2019இல் மறைந்தார்.

தலைவாசல் எப்படி மூடியது?

இத்தனை சிறப்புடைய வாசல் ஏன் மூடியது? ஒரே நாளில் மூடவில்லை. 1498இல் போர்த்துக்கீசியர் வந்த பின் அரபு வணிகரின் கடல்வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. மார்த்தாண்ட வர்மா மிளகு வணிகத்தை அரசின் தனியுரிமை ஆக்கினார். பெரிய நீராவிக் கப்பல்கள் ஆழமான துறைமுகங்களைத் தேடிச் சென்றன. 1860ஆம் ஆண்டளவில் திருவனந்தபுரம் பகுதியையும் குமரியையும் நீர்வழியால் இணைக்க அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் வெட்டத் தொடங்கினர்; அது குமரியை எட்டாமலே நின்றுவிட்டது. பிறகு சாலைகள் வந்தன, இரயில் வந்தது. வீடுகளின் முகப்பு சாலையைப் பார்க்கத் திரும்பிற்று. கடல் முதுகுப்புறம் ஆயிற்று.

முதுகுப்புறம் ஆனதால் நாம் இழந்தவை பல. அவற்றுள் பெரிது கடலைப் பற்றிய அறிவு. இதற்குச் சான்றாக, முன்னர்ச் சொன்ன துயரத்தை இப்பொழுது கூறுகின்றோம்.

2024 மே 6 அன்று கணபதிபுரத்து லெமூர் கடற்கரைக்கு மருத்துவக் கல்லூரி மாணவ மாணவியர் சிலர் வந்தனர். வானம் தெளிந்திருந்தது, புயலோ மழையோ இல்லை. ஆனால் திடீரென எழுந்த பேரலை அவர்களை இழுத்துச் சென்றது, ஐவர் மாண்டனர். பிறர் உயிரைக் காக்கக் கற்றுக்கொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள்!

இந்த அலைக்குக் கடலோர மக்களிடம் பெயர் உண்டு: 'கள்ளக்கடல்'. இந்துமாக்கடலின் தென்கோடியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் சூறைக்காற்று நீண்ட அலைகளை எழுப்புகின்றது. அவை சில நாள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத வேளையில் கள்ளனைப் போல் அறிவிப்பின்றிக் கரையேறுகின்றன. மீனவரின் இச்சொல்லை 2012இல் யுனெஸ்கோ அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது. உலக அறிஞர் ஏற்ற சொல்லைக் கடலிலிருந்து சில கல் தொலைவில் வாழும் நம் பிள்ளைகளில் பலர் கேட்டதில்லை. அந்நாளில் எச்சரிக்கையும் விடுக்கப்பட்டிருந்தது. கேட்க வேண்டியவர்களின் காதுக்கு அது எட்டவில்லை, அல்லது எட்டியும் பொருள் விளங்கவில்லை.

ஆகவே பயணம் செல்வோர் சிலவற்றைக் கடமையாகக் கொள்ள வேண்டும். புறப்படும் முன் கடல்நிலை அறிவிப்பைக் கேட்டறிக. கரையில் வலை உலர்த்தும் மீனவரிடம், 'இன்று கடல் எப்படி?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் மறுபேச்சின்றித் திரும்புங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நீரில் இறங்க வேண்டா. பாறைகளின் ஓரத்தில் நின்று படம் எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் நுழைபவர் வாசற்படியை அறிந்து கால் வைப்பார். நம் முன்னோர் கடலுக்கு அஞ்சவில்லை. ஆனால் அதன் குணத்தை அறியாமல் அதில் இறங்கவும் இல்லை. எந்த மாதத்தில் எந்தக் காற்று, எந்தக் காற்றில் எந்தத் துறை என்பதை அறிந்ததனால்தான் அவர்கள் வாணிகம் வளர்ந்தது, சமயம் பரவியது, தமிழ் செழித்தது.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். மணக்குடிப் பாலத்தையும் தக்கலையையும் உதயகிரிக் கல்லறையையும் காட்டுங்கள். மாலையில் இராஜாக்கமங்கலம் துறையில் அமர்ந்து, 'உன் முன்னோர் உலகத்தைப் பார்த்தது இந்த வாசல் வழியாகத்தான்' என்று மேற்கே கைகாட்டிச் சொல்லுங்கள்.